இரும்புக் கொட்டகை கட்டின கதை

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் வாலாஜாபாத் ஒன்றியத்தைச் சேர்ந்த ஊக்குநர் ஒருவர் பேசியது)



என்னைப் பேசச் சொன்னபோது, "எங்க ஊர்ல கொட்டகை கட்டினதைப் பத்திச் சொல்லும்மா, மத்த ஊருக்கும் உபயோகமா இருக்கும்" என்றார்கள். கட்டினது பெரிய கட்டடம் இல்லை. 20 அடி நீளம், 10 அடி அகலம். விளையாட்டுச் சாமான் வைக்க ஒரு இரும்புக் கொட்டகை. ஆனால் அதைக் கட்டுவதில் நாங்கள் ஒரு தப்பு பண்ணினோம். அந்தத் தப்பில் என் கையெழுத்தும் இருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் சொல்லப் போகிறேன். நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் உங்களுக்கு உபயோகம் இல்லை.

எங்கள் ஊர் வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் போகிற பக்கம். விடிகாலை நாலரைக்குக் கம்பெனி பஸ் வர ஆரம்பிக்கும். முதல் ஷிப்டு, ரெண்டாம் ஷிப்டு, நைட் ஷிப்டு என்று ஊரே மூன்றாகப் பிரிந்து தூங்குகிற ஊர். நம் பையன்கள் மட்டுமில்லை, பெண் பிள்ளைகளும் யூனிபார்ம் போட்டுக்கொண்டு அந்த பஸ்ஸில்தான் போகிறார்கள். வேலை இருக்கிறது. சம்பளமும் வருகிறது. சாயந்தரம் கபடி ஆட மட்டும் ஒரு இடம் இல்லாமல் இருந்தது. இடம் என்றால் திடல் இல்லை, திடல் உண்டு. ஆடுகிற சாமானை வைக்கத்தான் இடம் இல்லை.

2024-ல் தமிழ்நாடு அரசு கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் திட்டத்தில் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் 33 வகைச் சாமான்கள் கொடுத்தது உங்களுக்குத் தெரியும். உங்கள் ஊருக்கும் வந்திருக்கும். எங்கள் ஊருக்கும் வந்தது. மட்டை, பந்து, டம்பெல், ஸ்கிப்பிங் கயிறு என்று மூட்டை பிரித்த அன்றைக்குத் திருவிழா மாதிரி இருந்தது. அதோடு ஊர் விளையாட்டு மன்றத்துப் பசங்க காசு சேர்த்து, பழைய கபடி மேட் ஒரு செட் வாங்கிப் போட்டார்கள். பெண்கள் ஆடுகிற கபடிக் களம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில் கோத்துப் போடுகிற துண்டுகள், மொத்தம் 96.

இதையெல்லாம் எங்கே வைப்பது? பாதி ஒரு பழைய அறையில், பாதி ஒருத்தர் வீட்டு மாட்டுக் கொட்டாயில். மழைக்காலம் முடிந்து பார்த்தால் பந்தை எலி கடித்திருந்தது. மேட் நாலைந்து துண்டு கரையான் மண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அது கூடப் பரவாயில்லை. அந்த அறைச் சாவி பசங்க கையில். அவர்கள் ஷிப்டுக்குப் போய்விட்டால் சாவியும் போய்விடும். நம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். பசங்க மேல் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு அது தோன்றவே இல்லை, அவ்வளவுதான்.

என் அக்கா பெண் ஒன்பதாவது படிக்கும்போது நன்றாக ஆடினாள். பத்தாவது போனதும் நின்றுவிட்டாள். "ஏன்டி நிறுத்திட்ட?" என்று கேட்டேன். "சித்தி, டிரஸ் மாத்த எங்க போறது? வேலிக்குப் பின்னாடியா?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த குழுக் கூட்டத்தில், கடன் வரவு எல்லாம் முடிந்து தீர்மானப் புத்தகத்தை மூடுகிற நேரத்தில், இதைச் சொன்னேன். மூடின புத்தகத்தைத் திரும்பத் திறந்தார்கள்.

2025 மே 1 கிராம சபையில் பேசினோம். முதலில் காட்டின இடம் ஏரிக்கரையை ஒட்டி இருந்தது. நிழலாக, அழகாக இருந்தது. ஆனால் அது நீர்நிலைப் புறம்போக்கு. அங்கே ஆணி அடித்தாலும் நாளைக்கு இடிக்கச் சொல்வார்கள். நம்ம மாவட்டம் ஏரி மாவட்டம். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் ஏரிப் பக்கம் கட்டடம் கட்டலாமா? வேண்டாம் என்றோம். திடலின் மேற்கு ஓரத்தில் மேடான இடத்தைக் கேட்டு வாங்கி, கிராம சபைத் தீர்மானத்தில் எழுதி வாங்கினோம். வாய்வார்த்தையில் கட்டாதீர்கள். இடம் எது என்று தீர்மானத்தில் வரட்டும்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூட்டமைப்புக்குக் கடன் சுழற்சிக்காக வருகிற நிதியில் கை வைக்கவில்லை. அது இதற்கான பணம் இல்லை. கூட்டமைப்பின் சொந்த வருமானத்திலிருந்து 80,000. எங்கள் ஊர் 14 குழுக்களும் ஆளுக்கு 3,000 வீதம் 42,000. விளையாட்டு மன்றம் 30,000. ஊர் மக்கள் 20,000. மொத்தம் 1,72,000 ரூபாய். இதில் நம் பங்கு 1,22,000. சந்தாவாகவும் சேமிப்பாகவும் கட்டினவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். பூ கட்டினவர்கள், இட்லிக்கடை போட்டவர்கள், நூறு நாள் வேலைக்குப் போனவர்கள்.

இப்போது தப்புக்கு வருகிறேன்.

மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று அவசரம். ஒருத்தர் வந்தார். எங்கள் குழுவிலேயே ஒரு அக்காவுக்கு உறவு. யார் என்று சொல்ல மாட்டேன், அது இங்கே தேவையில்லை. இரும்புச் சட்டம் மட்டும் 1,05,000 ரூபாய் என்று ஒரே தொகையாக எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளில் "2-க்கு 2 சதுரக் குழாய், 30 நீளம்" என்று இருந்தது. "3 எம்.எம். குழாய்தானே அண்ணே?" என்று கேட்டேன். "ஆமாம்மா, 3 எம்.எம்.தான்" என்றார். தாளில் அது இல்லை. நான் பார்த்தேன், இல்லை என்று தெரிந்தது, இருந்தும் 50,000 ரூபாய் முன்பணக் காசோலையில் கையெழுத்துப் போட்டேன். உறவுக்காரர், எழுதிக் கொடுக்கச் சொன்னால் தப்பாக நினைப்பாரோ என்று கூச்சம். என் தப்பு அதுதான்.

இதில் எனக்கு வெட்கம் அதிகம். ஏனென்றால் நான் ஒன்பது வருஷம் ஒரு பேப்ரிகேஷன் பட்டறையில் ஹெல்பராக இருந்தவள். வெல்டிங் அடித்த இடத்தில் கிரைண்டர் போடுவேன், ரெட் ஆக்சைடு அடிப்பேன், குழாய் இறக்குவேன். 2016 டிசம்பர் 12, வர்தா புயல் அன்றைக்கு அந்தப் பட்டறைக் கூரை பறந்ததைக் கண்ணால் பார்த்தேன். சுவர் அப்படியே நின்றது. கூரை மட்டும் ஆளைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போனது. காற்று கூரையைக் கீழே அமுக்கும் என்று நாம் நினைக்கிறோம். அது மேலே தூக்கும். சென்னைப் பகுதிக்குக் கட்டடக் கணக்குப் போடுகிறவர்கள் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் காற்றை மனசில் வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். கொட்டகை சின்னது என்று காற்று விட்டுவிடாது.

சாமான் வந்து இறங்கின அன்று நானும் இன்னொரு அக்காவும் குழாயைத் தூக்கி அடுக்கினோம். ஒரு நீளம் 20 அடி. தூக்கும்போதே என் தோளுக்குத் தெரிந்துவிட்டது. ரேஷன் கடையிலிருந்தும் மில்லிலிருந்தும் 25 கிலோ அரிசிச் சிப்பம் தூக்கின தோள் இது. 3 எம்.எம். குழாய் ஒரு நீளம் சிப்பத்தைவிடக் கொஞ்சம் கனமாக இருக்கும். இது சிப்பம் அளவுக்கு இல்லை.

சத்தம் போடவில்லை. எங்கள் குழு அக்கா ஒருத்தருடைய மகள் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனையில் வேலை பார்க்கிறாள். நைட் ஷிப்டு முடித்து வந்தவளைத் தூங்க விடாமல் கூப்பிட்டோம். சொந்தமாக ஒரு வெர்னியர் வைத்திருக்கிறாள். பத்துக் குழாயின் முனையை அளந்தாள். "ஆன்ட்டி, எல்லாம் ரெண்டுதான். மூணு ஒண்ணு கூட இல்ல" என்றாள்.

அன்று ராத்திரி கூட்டம் போட்டோம். அந்தக் கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். இரும்புத் தகடு ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் 7.85 கிலோ. கம்பெனி எதுவானாலும் இது மாறாது. 50 மில்லிமீட்டர் சதுரக் குழாயை நீளவாக்கில் பிளந்து விரித்தால், ஏறக்குறைய 19 சென்டிமீட்டர் அகலப் பட்டை. 6 மீட்டர் நீளத்துக்கு 3 எம்.எம். குழாய் 26 அரைக் கிலோ வரும். 2 எம்.எம். என்றால் 18 கிலோதான். 30 நீளத்துக்கு 3 எம்.எம்.மில் சுமார் 800 கிலோ, 2 எம்.எம்.மில் 543 கிலோ. வித்தியாசம் 250 கிலோவுக்கு மேல். நாங்கள் கிலோ 131 ரூபாய் என்று நினைத்துக் கொடுத்த பணம், உண்மையில் கிலோ 193 ரூபாயாக ஆகியிருந்தது.

கூட்டத்தில் ரெண்டு பேச்சு வந்தது. "நம்ம ஆளு, விட்டுடலாம், சின்னக் கொட்டகைதானே" என்று சிலர். உறவுக்கார அக்கா அழுதுவிட்டார்கள். "என்னாலதான் வந்தது, நான் குழுவை விட்டு நின்னுக்கறேன்" என்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பதினாறு வருஷம் ஒரு தவணை தவறாமல் கட்டினவங்க அவங்க. அப்போது எங்கள் குழுவிலேயே வயசான பெரியம்மா சொன்னார்கள்: "யாரும் நிக்க வேணாம். ஆளைப் பத்திப் பேசாதீங்க, எடையைப் பத்திப் பேசுங்க. நாளைக்குக் காத்து அடிச்சா உள்ள இருக்கப் போறது நம்ம பொண்ணுங்க." அதோடு பேச்சு மாறிவிட்டது.

காலையில் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, மோர் கொடுத்துப் பேசினோம். "ஏமாத்திட்டீங்க" என்று ஒருத்தரும் சொல்லவில்லை. தாளில் 3 என்று இல்லாததால் அப்படிச் சொல்ல எங்களுக்கு வாயும் இல்லை. "அண்ணே, மொத்தத் தொகை வேணாம். எடை போட்டுக் கிலோக் கணக்குல வாங்கிக்கோங்க. கூலியும் அதுலயே சேத்துக்கோங்க" என்றோம். அவர் 140 கேட்டார். 135-க்கு முடிந்தது. தூண், மேல் சட்டம், கூரைச் சட்டம் எல்லாம் 3 எம்.எம். 16 நீளம் மாற்றிக் கொண்டுவந்தார். பக்கச் சுவர்த் தகடு அடிக்கிற குறுக்குச் சட்டத்துக்கும் ரேக்குக்கும் 2 எம்.எம். போதும், வந்ததில் 14 நீளத்தை அதற்கே வைத்துக்கொண்டோம். எடை மேடையில் வண்டியோடு ஒருமுறை, வெறும் வண்டியாக ஒருமுறை. மொத்தம் 678 கிலோ. 91,530 ரூபாய். முப்பதில் பாதிக்கு மேல் கனமான குழாய் வந்தும், முதலில் சொன்ன தொகைக்கு 13,470 ரூபாய் குறைவு. அந்தப் பணத்தில்தான் ரேக், பெயின்ட், ரெண்டு பூட்டு எல்லாம் வந்தது.

அவர் வேலை நன்றாகத்தான் செய்தார். அதையும் சொல்ல வேண்டும். தூண் ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை அடி சதுரத்தில் மூன்றடி ஆழம் பள்ளம் எடுத்து, எம்-சாண்ட் கான்கிரீட் போட்டு, நாலு போல்ட் புதைத்து, தட்டு வைத்து முடுக்கினார். போல்ட்டைப் புதைக்கும்போது நாங்கள் நாலு பேர் கூடவே நின்றோம். கூரைத் தகட்டுக்குப் பழைய காலத்துக் கொக்கி வேண்டாம், ரப்பர் வாஷர் வைத்த திருகு போடச் சொன்னோம். தரையை ஒன்றரை அடி உயர்த்தினோம். மேலே கூரைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டு, எலி நுழையாத கம்பி வலை அடித்தோம். இரும்புக் கொட்டகையில் காற்று போக வழியில்லை என்றால் வெயிலில் அடுப்பாகிவிடும், மழையில் உள்ளேயே வியர்த்துச் சொட்டும். லைட்டு ஒன்று போட்டோம். அதற்கு எர்த் கம்பி கட்டாயம் இறக்கினோம். நாலு பக்கமும் இரும்பு. மழை நாளில் ஈரக் கையோடு பிள்ளை கதவைத் தொடும். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

அடுத்து, உள்ளே எப்படிப் பிரிப்பது என்று வந்தது. மன்றத்துப் பசங்க 20 அடியும் சாமானுக்கே வேண்டும் என்றார்கள். அவர்களும் 30,000 கொடுத்தவர்கள், கேட்க உரிமை உண்டு. நாங்கள் சாக்பீஸ் எடுத்துக்கொண்டு போய்த் தரையில் வரைந்து காட்டினோம். மேட் 96 துண்டு. எங்களிடம் இருப்பது 25 மில்லிமீட்டர் தடிமன். ஒரே அடுக்காக அடுக்கினால் எட்டடி உயரம் வந்து சாயும். 24 துண்டு வீதம் நாலு அடுக்கு, ஒவ்வொன்றும் ரெண்டடி உயரம். மூலையில் ஆறே முக்கால் அடிச் சதுரத்தில் முடிந்துவிடும். டம்பெல், இரும்புக் குண்டு எல்லாம் ரேக்கின் கீழ்த்தட்டில். பந்து, மட்டை மேலே. 14 அடியில் தாராளமாக இடம். மீதி 6 அடி தடுத்து, தனிக் கதவு, உள்பக்கம் தாழ்ப்பாள். பெண் பிள்ளைகள் உடை மாற்ற.

"அக்கா, அஞ்சாறு பொண்ணுங்கதான ஆடறாங்க, அதுக்குத் தனி ரூமா?" என்று ஒரு தம்பி கேட்டான். "அஞ்சாறு பேர் ஏன்டா ஆடறாங்க? ரூம் இல்லாததாலதான்" என்று அவன் அம்மாவே பதில் சொன்னார்கள். அவர்களும் எங்கள் குழுதான். அவன் சிரித்துக்கொண்டே போய்த் தடுப்புத் தகட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

இன்றைக்கு அந்த அறையில் மாற்றிக்கொண்டு 19 பெண்கள் ஆடுகிறார்கள். என் அக்கா பெண்ணும் திரும்பி வந்தாள். 2025 அக்டோபரில், பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடியில் நம் நாட்டுப் பெண்கள் தங்கம் ஜெயித்தார்கள். அந்த அணியில் சென்னைக் கண்ணகி நகர் கார்த்திகா ஆடினார். அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் பிள்ளைகள் திடலில் போட்ட சத்தம் மெயின் ரோடு வரைக்கும் கேட்டது. எங்கள் ஊரில் ஒரு கார்த்திகா வருவாளா, எனக்குத் தெரியாது. வராவிட்டாலும், உடை மாற்ற இடம் இல்லாமல் ஒரு பிள்ளை நின்றுவிட்டாள் என்ற பேச்சு இனி எங்கள் ஊரில் வராது.

சாவிக்கு வருகிறேன். சாமான் அறைக்கு ரெண்டு சாவி. ஒன்று மன்றத்திடம், ஒன்று திடலுக்கு எதிர் வீட்டில் இருக்கிற நம் உறுப்பினரிடம். உடை மாற்றும் அறைச் சாவி நம்மிடம் மட்டும். ஒரு நோட்டு தொங்குகிறது: எடுத்த சாமான், எடுத்தவர் பெயர், திருப்பி வைத்த நேரம். நம் குழுவில் வரவு செலவு எழுதிப் பழகின கைதானே, இது ஒரு கஷ்டமா? எழுதச் சொல்லிக் கொடுத்ததும் நாம்தான். இப்போது பசங்க நம்மைவிட ஒழுங்காக எழுதுகிறார்கள்.

இந்த மழையில் ஒரே ஒரு திருகு பக்கத்தில் கசிந்தது. வாஷரை மாற்றினோம். வருஷத்துக்கு ஒருமுறை, புரட்டாசியில் மழைக்கு முன்னால், திருகை முடுக்கி, துரு ஏறின இடத்தைத் தேய்த்துப் பெயின்ட் தொட்டு வைக்க வேண்டும். அதற்கு மாதம் 200 ரூபாய் தனியாக எடுத்து வைக்கிறோம். கட்டுவதற்குப் பணம் சேர்ந்துவிடும் அம்மா. கட்டினதைக் காப்பாற்றத்தான் யாரும் பணம் ஒதுக்க மாட்டார்கள்.

கடைசியாக, உங்கள் ஊரில் எது கட்டினாலும், கொட்டகையோ, தையல் கூடமோ, சந்தைக்கடையோ, விலைத்தாளில் இவை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். குழாயின் அளவு. அதன் தடிமன், எம்.எம்.மில். எத்தனை நீளம். மொத்த எடை. கிலோவுக்கு என்ன விலை, கூலி உள்ளேயா வெளியேயா. ஜி.எஸ்.டி. சேர்த்தா சேர்க்காமலா. கூரைத் தகட்டின் தடிமன். அஸ்திவாரத்தின் ஆழம். எந்தத் தேதிக்குள் முடியும். முன்பணம் எவ்வளவு, மீதி எந்தெந்தக் கட்டத்தில். மூன்று பேரிடம் விலைத்தாள் வாங்குங்கள். மூன்றும் ஒரே மாதிரி எழுதியிருந்தால்தான் ஒப்பிட முடியும். அதனால் நாமே ஒரு படிவம் அச்சடித்துக் கொடுக்க வேண்டும். எங்கள் படிவத்தைக் கொள்முதல் குழுவிடம் கொடுத்திருக்கிறேன். நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

உறவுக்காரராக இருந்தால் கூச்சமாக இருக்கும். எனக்கும் இருந்தது. எழுதிக் கேட்பது சந்தேகப்படுவது ஆகாது. எழுதி வைத்திருந்தால் அந்த அக்கா அன்று ராத்திரி அழுதிருக்க வேண்டியதில்லை. மறுவாரக் கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி எழுதினோம்: "தடிமனும் எடையும் எழுதாத விலைத்தாளுக்கு இனி முன்பணம் கொடுப்பதில்லை." அதை என் கையாலேயே எழுதினேன். கீழே முதல் கையெழுத்து அந்த அக்காவுடையது.

ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் யார் வேண்டுமானாலும் வந்து கொட்டகையைப் பார்க்கலாம். வரும்போது உங்கள் பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாங்க. மேட் போட்டு வைத்திருப்போம்.